புராக்ரசிவ் ராக்: எதில் ஆரம்பிப்பது, எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

புதுக்காது:
டீப் பர்ப்பிள், லெட் ஸெப்பலின் வரை சிக்கல் இல்லை. யெஸ், ஜெனிசிஸ், கிங் கிரிம்சன் பக்கம் போனால் ஐந்தாவது நிமிடத்திலேயே வழி தவறிவிடுகிறது. எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் இருபது நிமிடப் பாட்டுகள்தான் மேலே நிற்கின்றன. மூன்று கேள்விகள். முதலில் எதைக் கேட்பது? தாளம் பிடிபட என்ன செய்வது? ஒரே ஆல்பம் ரீமாஸ்டர், ரீமிக்ஸ் என்று நாலு பதிப்பாகக் கிடக்கிறதே, அதில் எதை எடுப்பது? "கேட்கக் கேட்கப் பழகிவிடும்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

நாலுகம்பி:
பாட்டைச் சொல்வதற்கு முன் ஒன்று: ஃபோன் ஸ்பீக்கரில் இதைக் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது. இந்த வகை இசையில் கிட்டாரும் கீபோர்டும் ஊர் சுற்றப் போய்விடும். வீட்டைக் காவல் காப்பது பேஸ்தான். அது காதில் விழாவிட்டால் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போவதில் ஆச்சரியமே இல்லை. கம்பியுள்ள சாதாரண இயர்போன் போதும், விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம்.

ஆரம்பிக்க என் தேர்வு ஜெனிசிஸின் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்'. 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' ஆல்பம், 1973. ஒன்பதரை நிமிடம். தனிப் பியானோவோடு தொடங்கும். அந்தப் பியானோவை எண்ண முயலாதீர்கள்: 13, 15 என்று தாளம் மாறிக்கொண்டே இருக்கும். மெட்டை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பாட்டு வரும். மூன்றாவது நிமிடம் கழிந்து ஒரு புல்லாங்குழல், மெதுவாக, சோகமாக ஒரு மெட்டை வாசிக்கும். இந்த இரண்டு மெட்டுகள்தான் சாவி. அடுத்து தொடக்கத்துப் பியானோ மெட்டு முழு இசைக்குழுவோடு சின்தசைசரில் திரும்பி வரும். ஆறாவது நிமிடத்தை ஒட்டி ஸ்டீவ் ஹாக்கெட்டின் கிட்டார் நுழையும். அது வாசிப்பது புதிதாக ஒன்றுமில்லை, புல்லாங்குழல் மெட்டேதான். ஸ்வரங்களை இழுத்து இழுத்து நிறுத்தி வாசிப்பார்.

இரண்டு மெட்டுகளும் வேறு கருவிக்குக் கைமாறித் திரும்புகின்றன, அவ்வளவுதான் சங்கதி. இதைக் காது கண்டுபிடித்துவிட்டால் இருபது நிமிடப் பாட்டும் இதே வேலையைத்தான் பெரிய அளவில் செய்கிறது என்று புரியும்.

தஞ்சை மிருதங்கம்:
தாளத்துக்கு என் பங்கு. பிங்க் ஃபிளாய்டின் 'மனி' (1973) பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாப்பெட்டி, சில்லறை, காகிதம் கிழிக்கும் ஓசை எல்லாம் டேப்பில் ஒட்டி ஒரு சுற்றாக ஓடும். அந்தச் சுற்றிலேயே ஏழு ஓசைகள். பேஸ் அதே ஏழில் வந்து சேர்ந்துகொள்ளும்.

ஏழு என்றதும் நம் ஆட்கள் மிஸ்ர சாபு போடப் பார்ப்பார்கள். கை ஓடிவிடும், பாட்டு பின்தங்கும். இது நிதானமான ஏழு. திஸ்ர ஜாதி திரிபுடை போடுங்கள்: ஒரு தட்டு, இரண்டு விரல், தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. கச்சிதமாக உட்காரும். டிக் பாரியின் சாக்ஸஃபோன் தனியும் இதே ஏழில்தான் போகும். மூன்று நிமிடம் ஆனதும் கிட்டார் தனி வரும். அங்கே நாலுக்கு மாறிவிடுவார்கள். கை தவறியதாக நினைத்துப் பாட்டைத் திருப்பிப் போடாதீர்கள். ஆதி தாளத்தில் பாதியைப் போட்டபடி இருங்கள். தனி முடிந்து பேஸ் பழைய வரியை எடுத்ததும் மறுபடி திரிபுடை.

கர்நாடக இசை தெரிந்தவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். நமக்குத் தாளம் என்பது கச்சேரி உருப்படி முழுக்க மாறாத ஒன்று. கணக்கு எல்லாம் அதன் மேலே நடக்கும், கோர்வை (கணக்காகக் கோத்த முடிப்பு) எங்கே போனாலும் சமத்துக்கோ (சுற்றின் முதல் அடி) எடுப்புக்கோ (பாட்டு தொடங்கும் இடம்) வந்து சேரும். இவர்கள் தாளத்தையே மாற்றிவிடுகிறார்கள். ஆகவே கையைப் பிடிவாதமாக ஓட்டாமல், டிரம்ஸ் மாறும் இடத்தில் விட்டுவிட்டு அடுத்த சுற்றின் முதல் அடியில் சேர்ந்துகொள்ளுங்கள்.

ஏழரை:
கணக்குப் பாடம் நடக்கிறது போல. கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். விரல் எண்ணுவதுதான் புராக் (புராக்ரசிவ் ராக்) என்று ஆரம்பித்தால் நேராக ட்ரீம் தியேட்டரின் 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி'யில் (1999) போய் நிற்பீர்கள். ஆறேகால் நிமிடத்துக்குள் நூறு தடவைக்கு மேல் தாளம் மாறும். வாசிப்பவர்களுக்கு அது சாதனை, கேட்பவருக்கு மனதில் என்ன மிஞ்சுகிறது? ஒற்றைத் தாளத்தில் நிற்கும் நல்ல புராக் எவ்வளவோ இருக்கிறது. கேமலின் 'தி ஸ்னோ கூஸ்' (1975) முழுக்க வாத்திய இசை, எண்ணவே தேவையில்லை. காரவனின் 'இன் தி லேண்ட் ஆஃப் கிரே அண்ட் பிங்க்' (1971) அதைவிட இளகியது. பயந்தவர்கள் அங்கே தொடங்கட்டும்.

நாலுகம்பி:
ஏழரை சொல்வதில் பாதி சரி. எண்ணுவது முடிவல்ல, ஆனால் எண்ணினால்தான் திறக்கும் சில கதவுகள் உண்டு. ஜெனிசிஸின் 'சப்பர்ஸ் ரெடி' (ஃபாக்ஸ்ட்ராட், 1972) இருபத்து மூன்று நிமிடம், ஏழு பகுதி. பதினைந்தரை நிமிட வாக்கில் ஆறாவது பகுதி தொடங்கும். பெயரிலேயே 9/8 என்று இருக்கிறது. பேஸும் டிரம்ஸும் ஒன்பதை 3+2+4 என்று பிரித்துக்கொண்டு பிடிவாதமாக அடித்தபடி இருப்பார்கள். அதன் மேல் டோனி பேங்க்ஸின் ஆர்கன் அந்த ஒன்பதைச் சட்டையே செய்யாமல் தன் போக்கில் போகும். மிருதங்கம் சார் சொன்னதற்கு நேர் எதிர் உதாரணம்: இங்கே தாளம் அசையவில்லை, மேலே நடப்பதுதான் குறுக்கே போகிறது.

தஞ்சை மிருதங்கம்:
ஆமாம், அந்த ஒரு இடம் நம் வழக்கத்துக்கு ரொம்பக் கிட்டே வரும். சங்கீர்ணத்தை, அதாவது ஒன்பதை, நாம் பெரும்பாலும் 4+5 என்று சொல்வோம். அவர்களுடையதற்கு "தகிட தக தகதிமி" என்று சொல்லிக்கொண்டே கேளுங்கள். ஆர்கன் பக்கம் காதைத் திருப்பினாலும் வாய் நிற்கக் கூடாது. முதல் தடவை நின்றுவிடும். பிளேயரில் வேகத்தை 0.75 ஆகக் குறைத்துப் போட்டால் இரண்டாவது, மூன்றாவது தடவையில் பிடித்துவிடலாம்.

அந்தக் கொந்தளிப்பு உச்சத்துக்குப் போனதும் முதல் பகுதியின் வரி திரும்பும், பிறகு இரண்டாம் பகுதியின் மெட்டு பெரிய அளவில் எழும்பி வரும். முதல் ஆறு நிமிடத்தைக் கவனமாகக் கேட்டவர்களுக்குத்தான் அந்த முடிவு சிலிர்க்கும். நடுவில் இருந்து ஆரம்பித்தால் வெறும் சத்தம்.

புதுக்காது:
'மனி'யில் திரிபுடை உட்கார்ந்துவிட்டது. நாலுக்கு மாறும் இடமும் தெரிகிறது. ஐந்து, ஏழு கலந்து வருவதற்கு எளிய உதாரணம் உண்டா?

தஞ்சை மிருதங்கம்:
ரஷ் குழுவின் 'ஒய்ஒய்ஸீ', 1981. வாத்தியம் மட்டும், நாலரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். டொரொன்டோ விமான நிலையத்தின் குறியீட்டு எழுத்துகள் அவை. அந்த மூன்று எழுத்துகளின் மோர்ஸ் தந்திக் குறிதான் தொடக்கத் தாளம். கோட்டை நெடில் என்றும் புள்ளியைக் குறில் என்றும் வையுங்கள். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, நம் யாப்பில் உள்ளபடியே.

ஒய்: நெடில், குறில், நெடில், நெடில். 2+1+2+2, ஆக 7. அதுவே இரண்டு முறை. ஸீ: நெடில், நெடில், குறில், குறில். 6. மொத்தம் 20. அடிக்கு நாலு வீதம் ஐந்து அடி, அதாவது கண்டம். சொல்லாகச் சொன்னால்:

தகிட தகதிமி
தகிட தகதிமி
தகதிமி தக

முதலில் டிரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட் சிறிய உலோகத் தட்டுகளில் மணி போல இதைத் தட்டுவார். பிறகு பேஸும் கிட்டாரும் சேர்ந்து அதே கணக்கை ஓட்டும். தந்தி முறையில் கோடு மூன்று அலகு, புள்ளி ஒரு அலகு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு அலகு இடைவெளி. சேர்த்துப் பார்த்தால் 4-க்கு 2. எழுத்துகளுக்கு நடுவே விடவேண்டிய கூடுதல் இடைவெளியை மட்டும் எடுத்துவிட்டிருக்கிறார்கள், மற்றபடி அசல் தந்திதான்.

ஏழரை:
இது நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். குறில் நெடில் கணக்கு என்றால் டூல் குழுவின் 'லேட்டரலஸ்' (2001) பாட்டையும் சேர்க்க வேண்டும். பாடும் அசைகள் 1, 1, 2, 3, 5, 8 என ஏறி 5, 3 என இறங்கும். பல்லவி 9, 8, 7 என்று ஒவ்வொன்றாகக் குறையும். ஐரோப்பியர் ஃபிபொனாச்சி பெயரில் சொல்லும் அந்த வரிசையை, குறிலும் நெடிலுமாக எத்தனை விதமாக ஓர் அடியை நிரப்பலாம் என்று எண்ணப்போய் விரஹாங்கர், ஹேமசந்திரர் போன்ற நம் யாப்பு அறிஞர்கள் எல்லாம் அவருக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். டூல் ஆட்களுக்கு அது தெரியுமோ என்னவோ, பாட்டு நன்றாக இருக்கிறது.

டேப்நாடா:
மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. ரீமாஸ்டர் என்றால் முடிந்த கலவையின் ஒட்டுமொத்த ஒலியை மட்டும் திருத்துவது. ரீமிக்ஸ் என்றால் குரல், பேஸ், டிரம்ஸ் தனித்தனியாகப் பதிந்த பல தட நாடாவுக்கே போய் மறுபடி கலப்பது. புராக்கில் இந்த வேலையை அதிகம் செய்தவர் ஸ்டீவன் வில்சன். 2009-இல் இருந்து கிங் கிரிம்சன், பிறகு யெஸ், ஜெத்ரோ டல், ஜென்டில் ஜயன்ட். பழைய வெட்டு ஒட்டுகளையும் எதிரொலி அளவுகளையும் கூடியவரை அப்படியே வைத்து, ஒன்றன் மேல் ஒன்று படிந்து கிடக்கும் கருவிகளைப் பிரித்துக் காட்டுவார். யெஸ்ஸின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்துக்கு அவருடைய 2013 கலவையை எடுங்கள். கிறிஸ் ஸ்குவையரின் பேஸ் துல்லியமாகக் கேட்கும்.

தளங்களில் ஆல்பத்தைத் திறக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். கடைசிப் பாட்டுக்குப் பின்னால் ஒத்திகை, சிங்கிள் வெட்டு, கச்சேரிப் பதிவு எல்லாம் ஒட்டியிருக்கும். மூல ஆல்பத்தில் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' என்றால் மூன்றே பாட்டு. மூன்றாவதோடு நிறுத்துங்கள். ஷஃபிள் அணைத்திருக்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு மங்கிக் கலக்கும் கிராஸ்ஃபேட் வசதியைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள், இடைவெளியில்லாமல் ஓடும் வசதி இருந்தால் போடுங்கள். எம்பி3 கோப்புகளில் முன்னும் பின்னும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்ளும். 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' போல ஒன்றோடொன்று ஒட்டி ஓடும் ஆல்பத்தில் அந்தத் துண்டிப்பு ஒவ்வொரு முறையும் முள்ளாகக் குத்தும்.

புதுக்காது:
பாட்டுகள் ஏன் எல்லாமே இருபது நிமிடத்தை ஒட்டியே இருக்கின்றன? அதிலும் ஏதாவது கணக்கா?

டேப்நாடா:
அது இசைத்தட்டின் கணக்கு. பன்னிரண்டு அங்குலத் தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடம் வரை நன்றாகப் பதியலாம். அதற்கு மேல் திணித்தால் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலி அளவையும் பேஸையும் குறைத்தாக வேண்டும். ஆகவே "பெரிய பாட்டு" என்பது ஒரு பக்கம் நிறையும் பாட்டு. பிங்க் ஃபிளாய்டின் 'எக்கோஸ்' (1971) இருபத்து மூன்றரை நிமிடம், முழுப் பக்கம். ஜெத்ரோ டலின் 'திக் அஸ் அ பிரிக்' (1972) இரண்டு பக்கமும் ஒரே பாட்டு. தட்டைத் திருப்புவதற்காக நடுவில் மங்கி, மறுபக்கத்தில் திரும்ப எழும்.

கருவி ஒன்றையும் சொல்ல வேண்டும், அந்தக் காலத்து ஒலியின் பாதி அதில்தான் இருக்கிறது: மெல்லோட்ரான். பார்க்க ஆர்கன் மாதிரி, உள்ளே டேப். எம்400 வகையில் 35 கட்டை, கட்டைக்கு ஒரு துண்டு நாடா. வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ மனிதக் குரல்களோ அந்த ஸ்வரத்தில் பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறக்குறைய எட்டு வினாடிதான், பிறகு நாடா தீர்ந்துபோகும். கையை எடுத்ததும் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துவிடும். ஆகவே நீண்ட ஸ்வரக்கூட்டைப் பிடிக்க வேண்டுமானால் எட்டு வினாடி முடிவதற்குள் விரல்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். நிறையக் கட்டைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் மோட்டார் திணறிச் சுருதி இறங்கும். ஜெனிசிஸின் 'வாட்ச்சர் ஆஃப் தி ஸ்கைஸ்' தொடக்கத்தில் கேட்பது இந்தக் கருவி. கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்தில் (அக்டோபர் 1969) வானம் திறப்பது போல வருவதும் இதுவே. வயலின் என்று நினைத்துக் கேட்டால் ஏதோ கோளாறு மாதிரி இருக்கும். அந்த லேசான தள்ளாட்டம்தான் அதன் குணம்.

ஏழரை:
கிரிம்சன் முதல் ஆல்பத்துக்குப் புதியவர்களை அனுப்பும்போது 'மூன்சைல்ட்' பற்றி எச்சரிக்க வேண்டாமா? பன்னிரண்டு நிமிடம். இரண்டரை நிமிடம் அழகான பாட்டு, மீதி முழுக்கச் சிணுங்கலும் மௌனமுமாக மனோதர்மம் (அந்த நேரத்துக் கற்பனையில் வாசிப்பது). பாதிப் பேர் ஆல்பத்தை மூடுவது அங்கேதான். அடுத்து வருவதுதான் தலைப்புப் பாட்டு, அதை இழந்துவிடுவார்கள். பாட்டு முடிந்ததும் தாவிவிடுங்கள், பாவம் ஒன்றும் வராது.

நாலுகம்பி:
கிரிம்சனில் 'ஸ்டார்லெஸ்'தான் (ரெட், 1974) என் பரிந்துரை. பன்னிரண்டு நிமிடத்துச் சொச்சம். முதல் நாலு நிமிடம் ஜான் வெட்டன் பாடும் மெதுவான பாட்டு. அது முடிந்ததும் பேஸ் பதின்மூன்று அடிச் சுற்று ஒன்றைத் தனியாக ஆரம்பிக்கும். ராபர்ட் ஃபிரிப் கிட்டாரில் ஒரே ஸ்வரத்தை இரண்டு கம்பிகளில் மாற்றி மாற்றித் தட்டுவார். சுற்றுகள் போகப்போக ஸ்வரம் படிப்படியாக மேலே நகரும். பில் புரூஃபோர்டின் தாள வாத்தியம் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெறித்து, பிறகு நெருங்கி வரும். ஐந்து நிமிடத்துக்கு நெருக்கமாக இப்படியே இறுகும். ஒன்பது நிமிடத்தைத் தாண்டியதும் வேகம் சட்டென இரட்டிக்கும், சாக்ஸஃபோன் பாயும். கடைசியில் முதல் நாலு நிமிடத்து மெட்டு முழு பலத்தோடு திரும்பும்.

இதில் கெடுவது ஒலி அளவு. தொடக்கம் மென்மையாக இருக்கிறதே என்று ஏற்றி வைத்தால் ஒன்பதாவது நிமிடத்தில் காது அடைக்கும். உச்சக்கட்டத்துக்கு ஏற்ற அளவை முதலிலேயே வைத்துவிட்டு, அமைதியான அறையில் கேளுங்கள். பேருந்தில் கேட்டால் நடுப்பகுதி இஞ்சின் சத்தத்தில் கரைந்துபோகும், இறுக்கம் ஏறுவதே தெரியாது.

இது பிடித்தால் அதே ஃபிரிப்பின் 'டிசிப்ளின்' (1981). 'ஃபிரேம் பை ஃபிரேம்' பாட்டில் இரண்டு கிட்டார்கள் ஒரே வரியை வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒன்று 7-இலேயே நிற்க, மற்றது ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டு 13-க்குப் போகும். முதலாவதற்கு இரண்டு சுற்று 14, மற்றதற்கு 13. ஒவ்வொரு தடவையும் ஓர் அடி விலகிக்கொண்டே போகும். இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று. ஒற்றை இயர்போனில் கேட்டால் பாதி விஷயம் போய்விடும்.

புதுக்காது:
'க்ளோஸ் டு தி எட்ஜ்' தலைப்புப் பாட்டுக்கும் இதே மாதிரி ஒரு வழிகாட்டல் கிடைத்தால் நல்லது. அதில்தான் முதலில் மாட்டிக்கொண்டது.

நாலுகம்பி:
1972, பதினெட்டே முக்கால் நிமிடம், நாலு பகுதி. முதலில் பறவை, நீர் ஓசை. அதிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வெடிப்பார்கள். இந்தப் பகுதியை எண்ணாதீர்கள், திட்டமிட்ட குழப்பம் அது. இடையிடையே கருவிகள் எல்லாம் பட்டென்று நின்று குரல்கள் மட்டும் ஒரு கணம் 'ஆ' என்று ஒலிக்கும். அவை மைல்கல். மூன்றாவது நிமிடத்தில் ஸ்டீவ் ஹவ் கிட்டாரில் ஒரு தெளிவான மெட்டு வாசிப்பார், முழுப் பாட்டுக்கும் ஆணிவேர் அது. நாலாவது நிமிடத்தில் குரல். எட்டரையில் எல்லாம் அடங்கி மிதக்கும் பகுதி, அதில் பன்னிரண்டாவது நிமிடத்தில் தேவாலய ஆர்கன் முழங்கும். லண்டனில் செயின்ட் கைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்தில் பதிந்தது. பதினாலில் இருந்து கடைசிப் பகுதி: அசல் மெட்டும் பல்லவியும் திரும்பும். முடிவில் மறுபடி பறவை.

நேரே பதினாலாவது நிமிடத்தில் இருந்து ஒரு முறை கேட்டுவிட்டு, பிறகு தொடக்கத்தில் இருந்து போங்கள். எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்று தெரிந்தால் அந்தத் தொடக்கக் குழப்பம் அவ்வளவு மிரட்டாது.

ஏழரை:
அதோடு யெஸ்ஸை நிறுத்திக்கொள்வது உத்தமம். அடுத்த ஆண்டு 'டேல்ஸ் ஃபிரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்'. பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் ஓர் அடிக்குறிப்பு, சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று நால்வகை நூல்களைப் பற்றி. அதைப் பிடித்துக்கொண்டு பாடகர் ஜான் ஆண்டர்சன் தட்டின் பக்கத்துக்கு ஒன்றாக நாலு பாட்டு, எண்பது நிமிடம். கீபோர்டு வாசித்த ரிக் வேக்மேனே அலுத்துப்போய் சுற்றுப்பயணம் முடிந்ததும் விலகினார். முதல் பக்கமும் நாலாவது பக்கமும் தேறும். நடுவில் இரண்டு பக்கமும் நாற்பது நிமிடம் நிரப்ப வேண்டுமே என்று நிரப்பியது.

தஞ்சை மிருதங்கம்:
நாலாவது பக்கத்தில் தாள வாத்தியங்கள் மட்டும் மோதும் இடம் ஒன்று உண்டு, அதற்காகவாவது கேட்கலாம். நம் பக்கத்து ஆட்கள் வேண்டுமென்றால் கொச்சியின் மதர்ஜேன், 'மக்தூப்' (2008). பைஜு தர்மஜனின் கிட்டாரில் கமகம் இருக்கும். பெங்களூரின் அகம் கீர்த்தனைகளையே எடுத்துக் கட்டுகிறார்கள். ராகம் தெரிந்தவர்களுக்கு அது எளிய வாசல். ஆனால் அங்கேயே தங்கிவிட்டால் இந்த 70-களின் கட்டுமானம் பிடிபடாது.

புதுக்காது:
வரிசை இப்படி வைக்கிறேன்: ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த், மனி, ஒய்ஒய்ஸீ, ஸ்டார்லெஸ், க்ளோஸ் டு தி எட்ஜ், சப்பர்ஸ் ரெடி. வார்த்தைகளைப் பார்த்துக்கொண்டே கேட்பதா, வேண்டாமா?

நாலுகம்பி:
முதல் தடவை வேண்டாம். யெஸ் பாட்டு வரிகள் ஓசைக்காக எழுதியவை, பொருள் தேடப் போனால் மெட்டைத் தவறவிடுவீர்கள். ஜெனிசிஸுக்கு மட்டும் இரண்டாவது தடவை வரியைத் திறந்து வையுங்கள், பாடகர் பீட்டர் கேப்ரியல் பாத்திரம் மாறும்போது குரலையும் மாற்றுவார். வரிசையில் ஸ்டார்லெஸ்ஸை ஒய்ஒய்ஸீக்கு அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள். அந்த இரைச்சல் கேட்ட காதோடு ஸ்டார்லெஸ்ஸின் மெல்லிய தொடக்கத்துக்குள் நுழைய முடியாது.